அழுகிற பிள்ளைக்கு ஓர் ஆள்: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு பார்வை

குழந்தைகளுக்குத் தங்கள் உணர்ச்சிகளைப் புரிந்துகொள்ளவும் கையாளவும் சொல்லித்தர வேண்டும் என்று இன்று எல்லாத் தரப்பிலும் பேசுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 1990-களில் வகுத்துக் கொடுத்த பத்து வாழ்க்கைத் திறன்களில் உணர்ச்சிகளைக் கையாளுவதும் ஒன்று. டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் ‘மகிழ்ச்சிப் பாடத்திட்டம்’ வந்தது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் மனக்குறையை எழுதிப் போட ‘மாணவர் மனசு’ பெட்டி வைத்தார்கள். பிறகு ‘மகிழ் முற்றம்’ வந்து பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று குழு பிரித்தது. என்ன சொல்லித்தருவது என்பதில் இப்படிப் பெரிய பஞ்சம் இல்லை. யார் சொல்லித்தருவது, எந்த நேரத்தில் என்ற கேள்விதான் அப்படியே நிற்கிறது. தேனி மாவட்டத்தில், அதிலும் கம்பம் பள்ளத்தாக்கில், அந்தக் கேள்வியைத் தாண்டிக்கொண்டு இதைப் பேசவே முடியாது.

மலைக்குப் போகிற வீடுகள்

கூடலூர், கம்பம், கோம்பை, தேவாரம், போடி என்று மலையடிவார ஊர்களில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு, பொழுது சாயும்போது அதே ஜீப்பில் இறங்குவார்கள். இதில் பெண்கள் ஏராளம். கீழே திராட்சைப் பந்தலிலும் வாழைத் தோட்டத்திலும் வேலை செய்கிறவர்களுக்கும், ஆண்டிபட்டிப் பக்கம் நூற்பாலைக்கும் தறிக்கும் போகிறவர்களுக்கும் நாள் ஏறக்குறைய இப்படித்தான். தலை பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது அப்பத்தாவோ அம்மாச்சியோ, சில வீடுகளில் ஆறாவது படிக்கிற அக்காவோ.

இதைக் கேட்டதும் தாயைக் குறை சொல்லக் கிளம்புவது நம் வழக்கம். அந்த வழக்கத்துக்கு ஆராய்ச்சியின் துணை கிடையாது. 1951-ல் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்த அறிக்கை, தாயைப் பிரிந்த குழந்தைகளின் மனநலம் பற்றி உலகத்தையே கவலைப்பட வைத்தது. 1972-ல் இன்னொரு மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் அந்த வாதத்தை மறுபடி எடுத்து அலசி, வேலைக்குப் போகும் தாய் பகலில் பிரிந்திருப்பது வேறு, பிள்ளைக்குப் பற்றுவதற்கு ஆளே இல்லாமல் போவது வேறு என்று பிரித்துக் காட்டினார். ஒரு பிள்ளை ஒன்றுக்கு மேற்பட்டவர்களோடு உறுதியான பந்தம் வைத்துக்கொள்ள முடியும். அந்த ஆட்கள் நாளுக்கு நாள் மாறக்கூடாது, கூப்பிட்டால் ஏனென்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அளவில் ஒரு நல்ல அப்பத்தா போதும். ஆனால் நாலு பேரப்பிள்ளைகளையும் இரண்டு ஆடுகளையும் முழங்கால் வலியோடு பார்த்துக்கொள்ளும் அப்பத்தாவிடம் எவ்வளவு பொறுமை மிச்சமிருக்கும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

சாயங்காலம் ஜீப் வந்து நின்றதும் நடப்பதைப் பார்த்தால் இது விளங்கும். அம்மா தூக்குவாளியோடு இறங்கி வாசலை மிதிக்கக்கூட இல்லை. அதுவரை சமர்த்தாக விளையாடிய பையன் ஓடிவந்து சேலையைப் பிடித்துக்கொண்டு, காலையில் யாரோ பென்சிலை ஒடித்ததைச் சொல்லி ஓவென்று அழுகிறான். “இவ்வளவு நேரம் நல்லாத்தானடா இருந்த, ஆத்தாளப் பாத்ததும் நடிக்கிறியா?” என்கிறாள் அப்பத்தா. அவன் நடிக்கவில்லை. அழுதால் தாங்கிக்கொள்ளும் ஆள் வரும்வரை அடக்கி வைத்திருந்தான். நாள் முழுக்கக் காய் எடுத்து இடுப்பொடிந்து வந்தவளுக்கு அது அடமாகத் தெரிகிறது. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது, சிக்கலே அங்கேதான்.

தானாக வராத அடக்கம்

அடக்கம் பிறவியிலேயே வருவதல்ல. கைக்குழந்தை தன்னைத் தானே தேற்றிக்கொள்ளாது. தூக்கித் தோளில் போட்டுத் தட்டுகிறவரின் மூச்சும் குரலும் அதன் படபடப்பைக் குறைக்கின்றன. ஒன்றரை இரண்டு வயதில் ஆசை பெரிதாக, பேச்சு அதற்கு எட்டாமல் நிற்கும். தரையில் விழுந்து புரளும் பருவம் அது. நாலைந்து வயதில் சந்தோஷம், துக்கம், கோபம், பயம் ஆகியவற்றை முகம் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ஒரே நேரத்தில் இரண்டு உணர்ச்சி வரும், தம்பி பிறந்ததில் சந்தோஷமும் உண்டு எரிச்சலும் உண்டு என்று புரிய ஏழெட்டு வயதாகும். வேகத்துக்குக் கடிவாளம் போடுகிற மூளையின் முன்பகுதி முழுதாக முதிர்வது இருபதுகளின் நடுவில்தான். எட்டு வயதுப் பிள்ளையிடம் “அறிவிருக்கா உனக்கு?” என்று கேட்பவர், இன்னும் கட்டி முடியாத வீட்டில் குடியேறச் சொல்கிறார்.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970-களில் ஒரு சோதனை செய்தார். குழந்தையோடு கொஞ்சிப் பேசிக்கொண்டிருந்த தாய், ஒரு கட்டத்தில் முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் சில நிமிடம் உட்கார வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கை நீட்டுகிறது, சத்தம் கொடுக்கிறது. பலிக்காதபோது உடைந்துபோய் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அவர் ஆய்வுகளில் தெரிந்த இன்னொரு செய்தி பெற்றோருக்கு ஆறுதல் தரும். நல்ல தாயும் பிள்ளையும்கூடப் பாதி நேரத்துக்கு மேல் ஒருவரை ஒருவர் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. தவறிய இணைப்பை மறுபடி சேர்த்துக்கொள்கிறார்களா என்பதே முக்கியம். கத்தியது தப்பாகிவிட்டால், பிறகு கிட்டே இழுத்து “அம்மாவுக்கு அலுப்பு சாமி, அதான் கத்திட்டேன்” என்று சொல்வது பிள்ளைக்குப் பெரிய பாடம்.

காத்திருக்கும் பழக்கத்தைப் பற்றிய ஆய்வு ஒன்றும் இங்கே பொருந்தும். தின்பண்டத்தை உடனே எடுக்காமல் காத்திருந்தால் இரண்டாகக் கிடைக்கும் என்று சொல்லிக் குழந்தைகளைச் சோதிக்கும் முறை பிரபலமானது. காத்திருக்கிற பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று அதை வைத்து நிறையப் பேசினார்கள். 2013-ல் செலஸ்ட் கிட் தலைமையிலான குழு அதில் ஒரு சிறு மாற்றம் செய்தது. சோதனைக்கு முன்னால் சில பிள்ளைகளுக்குச் சொன்ன பொருளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மற்றவர்களிடம் சொல்லிவிட்டு ஏமாற்றினார்கள். வாக்குத் தவறாதவரைப் பார்த்த பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகளால் 3 நிமிடம்தான் முடிந்தது. சிறிய சோதனைதான், மொத்தம் 28 குழந்தைகள். ஆனாலும் “சாயங்காலம் வரும்போது வாங்கிட்டு வாரேன்” என்று தினமும் சொல்லிவிட்டு ஜீப் ஏறுகிறவர்கள் யோசிக்க இதில் விஷயம் இருக்கிறது. பொறுமை பிள்ளையின் குணம் மட்டுமல்ல. பெரியவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதிலும் அது விளைகிறது.

காரணம் கேட்ட மரபு

உணர்ச்சியைப் பற்றிய சிந்தனை நமக்கு வெளியிலிருந்து வந்ததும் அல்ல. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல், நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டாக வகுக்கிறது. அதோடு நில்லாமல் ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்று நான்கு நான்காகக் காரணமும் சொல்கிறது. அழுகைக்கு இழிவுபடுதல், இழத்தல், இருந்த நிலையிலிருந்து தளர்தல், வறுமை. செய்யுளுக்காக எழுதிய இலக்கணம் அது. பிள்ளை வளர்ப்புக் கையேடு அல்ல. ஆனால் அழுகிற பிள்ளையிடம் “அழாதே” என்று சொல்வதற்கு முன் இந்த நான்கில் எது என்று பார்க்கிற பழக்கம் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். யாராவது கேலி செய்தார்களா? எதையாவது தொலைத்தானா? முன்பு கிடைத்த கவனிப்பு குறைந்ததா? மற்றவர்களிடம் இருப்பது தன்னிடம் இல்லையா?

வீட்டு வைத்தியங்கள்

நம் வீடுகளில் அழுகையை நிறுத்தக் கையாளும் வழிகள் எல்லாருக்கும் தெரிந்தவை. கவனத்தைத் திருப்புவது முதல் வழி. காக்கா காட்டுவது, ஆடு காட்டுவது, தோளில் போட்டுத் தெருவைச் சுற்றிவருவது. சின்னப் பிள்ளைக்கு இது நல்ல வழி, ஆராய்ச்சியும் ஒத்துக்கொள்கிறது. அந்தக் காக்காய் இருந்த இடத்தில் இன்று செல்போன் வந்து உட்கார்ந்திருக்கிறது. காக்காய் பறந்துபோய்விடும், பிறகு பிள்ளை தன் அழுகைக்கே திரும்பி வந்து, பெரியவர் துணையோடு அதைத் தாண்டும். போன் பறப்பதில்லை. அழுகை அடங்கினாலும் அதைத் தாண்டிய அனுபவம் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை.

அடுத்தது பயமுறுத்தல். பூச்சாண்டி, போலீஸ், ஊசி போடுகிற டாக்டர். 2023 மே 27-ம் தேதி அரிக்கொம்பன் யானை காட்டிலிருந்து இறங்கிக் கம்பம் நகருக்குள்ளேயே வந்துவிட்டது. 144 தடையுத்தரவு போட்டார்கள். தெருவில் யானை ஓடியதைக் குழந்தைகள் மாடியிலிருந்தும் போன் திரையிலும் பார்த்தார்கள். ஜூன் 5-ம் தேதி சின்ன ஓவுலாபுரம் பக்கம் மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். அந்தப் பத்து நாளில் ஒரு குழந்தையின் பயத்தை இரண்டு விதமாகக் கையாளலாம். “சாப்பிடலேன்னா அரிக்கொம்பன் வந்துருவான்” என்பது ஒன்று. அன்றைக்குச் சோறு இறங்கும், ராத்திரித் தூக்கம் போகும். யானை எங்கே இருக்கிறது, யார் காவல் இருக்கிறார்கள், நம் வீட்டுக் கதவு எப்படிப்பட்டது என்று கேட்ட கேள்விக்கெல்லாம் உள்ளதைச் சொல்வது மற்றது. அச்சத்துக்கான நான்கு காரணங்களில் விலங்கையும் தொல்காப்பியம் சேர்த்திருக்கிறது. பயப்பட வேண்டியதற்குப் பயப்படுவது கோழைத்தனம் அல்ல என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

பெரியவர்களின் பயமும் பிள்ளைகளுக்கு இறங்கும். 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணைப் பிரச்சினை முற்றியபோது, இடுக்கித் தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் காட்டுப்பாதையாக நடந்து ஊர் வந்து சேர்ந்தார்கள். 2020 ஊரடங்கில் எல்லை அடைபட்டது, மலை வேலை நின்றது. தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. இப்படிப்பட்ட நாட்களில் வீட்டில் பேச்சு முழுக்கச் சம்பளத்தையும் கடனையும் சுற்றியே ஓடும். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துப் பேசுவோம். தெரியாதது காரணம் மட்டும்தான். பதற்றம் முழுக்கத் தெரியும்.

மூன்றாவது வழி வெட்கப்படுத்துவது. “ஆம்பளப் புள்ள அழலாமா?” என்பது ஆண்பிள்ளைக்கு, “பொம்பளப் புள்ளைக்கு என்ன இவ்வளவு கோவம்?” என்பது பெண்பிள்ளைக்கு. இவனிடமிருந்து துக்கத்தையும் அவளிடமிருந்து கோபத்தையும் பிடுங்கிக்கொள்கிறோம். பிடுங்கியது வேறு வழியில் வெளிவரும். அவனுக்கு எல்லா வருத்தமும் அடிதடியாக வரும். அவளுக்குத் தலைவலியாக, வயிற்றுவலியாக, வாய் திறக்காத மௌனமாக வரும்.

பள்ளிக்கூடம்

பள்ளியில் அடிப்பதும் மனதைப் புண்படுத்துவதும் கூடாது என்று 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு சொல்கிறது. பிரம்பு பெரும்பாலும் போய்விட்டது. அதன் இடத்தில் என்ன வைப்பது என்பதை யாரும் ஆசிரியருக்குச் சொல்லித்தரவில்லை. உணர்ச்சிக் கல்வி என்ற பேரில் இல்லாமல் அந்த வேலையைச் செய்கிற திட்டமும் உண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் பரவிய காலை உணவுத் திட்டம் அது. கோபம் வந்தபின் அடக்குவதைவிட அது வருவதற்கான சூழலை மாற்றுவது சுலபம் என்பது உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் 1998-ல் முன்வைத்த விளக்கத்தின் சாரம். அம்மா இருட்டோடு கிளம்பிப்போன வீட்டிலிருந்து வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைக்கு, எட்டரை மணிக்குக் கிடைக்கிற உப்புமாவும் சாம்பாரும் எந்த நீதிபோதனையையும்விட நிதானம் தரும்.

வயது ஏறினால் சிக்கல் வேறு. ஏழாம் வகுப்பில் ஒருவன் இன்னொருவனை அடித்துவிடுகிறான். “ஏண்டா அடிச்ச?” என்றால், “எங்கப்பாவச் சொல்லிட்டான் சார்” என்கிறான். வெகுளிக்குக் காரணமாகத் தொல்காப்பியம் சொல்லும் நான்கில் குடும்பத்துக்கு இழைக்கும் கேடும் ஒன்று என்பதை நினைத்துக்கொள்ளலாம். தென் மாவட்டங்களில் அப்பாவைச் சொன்ன அந்தச் சொல்லுக்குள் பல நேரம் சாதி இருக்கும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சக மாணவர்களே வீடு புகுந்து ஒரு மாணவரையும் அவர் தங்கையையும் வெட்டிய பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கையில் கையில் கட்டும் சாதிக்கயிறு பற்றிய பரிந்துரையே அதிகம் பேசப்பட்டது. மாணவர் எண்ணிக்கை 500-க்கு மேல் உள்ள பள்ளிகளுக்குத் தனியாகப் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்று அதே அறிக்கை சொன்னது அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை.

எது பலித்தது, எது பலிக்கவில்லை

உணர்ச்சிக் கல்வி பயன் தருமா என்ற கேள்விக்கு முதல் பெரிய ஆதாரம் 2011-ல் வந்தது. ஜோசப் டர்லக்கும் உடன் ஆய்வாளர்களும் பள்ளிகளில் நடந்த 213 திட்டங்களை, 2,70,034 மாணவர்களின் தகவல்களோடு தொகுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகளின் நடத்தையும் மனநிலையும் மேம்பட்டதோடு, படிப்பிலும் 11 சதமான அளவு முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் இவை பெரும்பாலும் மேலை நாட்டுப் பள்ளிகள்.

எதிர்ப்பக்கத்தில் பிரிட்டனின் அனுபவம். 85 பள்ளிகளில், 11 முதல் 13 வயது வரையுள்ள 8,000-க்கு மேற்பட்ட மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு, பயிற்சி பெற்ற ஆசிரியர்களைக் கொண்டு மனஒருமைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2022-ல் வெளியான முடிவின்படி, வழக்கமான வகுப்பைவிட அதனால் கூடுதல் பலன் இல்லை. கண்ணை மூடி மூச்சைக் கவனி என்று எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பதில் பெரிய நம்பிக்கை வைக்க முடியாது என்று அது காட்டியது.

நமக்கு மிக அருகில் வருவது பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நடந்து, 2018-ல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு. பள்ளிகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவில் வழக்கமான வாழ்க்கைத் திறன் வகுப்பு மட்டும். மற்ற இரண்டிலும் சுவர் இதழ், குறை சொல்லும் பெட்டி, மாணவர் குழு, தனி ஆலோசனை என்று ஒரே திட்டம். ஒன்றில் அதை நடத்தியது அந்தப் பள்ளியின் ஆசிரியர். மற்றதில் அதற்கென்றே அமர்த்திய, மனநல நிபுணர் அல்லாத ஓர் உள்ளூர் ஆலோசகர். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வும் சீண்டலும் வன்முறையும் குறைந்தன. பள்ளியின் சூழலே மாறியது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் வித்தியாசமே இல்லை.

பெட்டி ஒன்றுதான், திட்டமும் ஒன்றுதான். அதைத் திறந்து படித்துப் பின்னாலேயே போய்க் கேட்க நேரமுள்ள ஆள் இருந்தாரா என்பதே பலனைப் பிரித்தது. ஆசிரியர்கள் அக்கறையற்றவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. பாடம், பதிவேடு, தேர்வு, தேர்தல் வேலை எல்லாம் தலையில் இருக்கிறவரிடம் இதையும் ஏற்றினால் இதுதான் முதலில் நழுவும். மதிப்பெண் போடுகிறவரிடமே மனதைத் திறக்கப் பிள்ளைகள் தயங்குவதும் காரணமாக இருக்கலாம்.

எல்லை மீறும்போது

எல்லா அழுகைக்கும் அன்பு மட்டும் போதாது. 2015-16 தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுள்ளோரில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கணித்தது. இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடும் தூக்கமும் கெட்டால், விளையாட்டை விட்டு ஒதுங்கினால், பள்ளிக்குப் போக மறுத்தால், தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டால், செத்துப்போவதைப் பற்றிப் பேசினால் வேப்பிலை அடிப்பதோடு நிறுத்தக்கூடாது. க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கம்பத்திலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ஒருநாள் சம்பளம் போகும். அதனால்தான் 14416 என்ற எண் எல்லா வீட்டுச் சுவரிலும் இருக்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தக் கட்டணமில்லாத் தொலைபேசிச் சேவையில் இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம். பிள்ளைக்கு யாராலாவது கொடுமை நேர்ந்தால் 1098 என்ற எண்ணை அழைக்கலாம்.

பள்ளத்தாக்குக்குப் பொருந்துவது

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவுக்குத்தான் வர முடிகிறது. பிள்ளை உணர்ச்சியைக் கையாளக் கற்பது பாடத்திலிருந்து அல்ல, ஓர் ஆளிடமிருந்து. அந்த ஆளுக்கு நேரமும் கொஞ்சம் பயிற்சியும் வேண்டும்.

வீட்டில் அந்த நேரம் சாயங்காலத்தின் முதல் பத்து நிமிடம். “கால் கழுவிட்டு வந்து கேக்குறேன் சாமி” என்று சொல்லலாம். சொன்னபடி வந்து உட்கார வேண்டும். “பென்சில ஒடிச்சதும் கோவமா, எல்லாரும் சிரிச்சதும் வெக்கமா?” என்று பெயர் சொல்லிக் கேட்டால் பிள்ளை தனக்குள் நடந்ததைப் பிரித்துப் பார்க்கப் பழகும். தீர்வு சொல்ல அவசரம் வேண்டாம். மலையிலிருந்து திரும்பும் அப்பாவும் இதைச் செய்யலாம். அம்மா வேலை என்று எழுதிவைக்கவில்லை.

ஊரில் அப்படி ஓர் ஆளுக்கு முன்மாதிரியே இருக்கிறது. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், அந்தந்தத் தெருவைச் சேர்ந்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையே பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஜீப்புகள் மலையிறங்கும் நேரமும் பிள்ளைகள் கவனிப்பாரின்றித் தெருவில் நிற்கும் நேரமும் அதுதான். கற்றல் இழப்புக்காக வந்த அந்த ஏற்பாட்டை, நாளந்தாவின் ஆலோசகர் மாதிரியோடு இணைத்து, இந்தப் பள்ளத்தாக்கின் சில ஊர்களில் நடத்திப் பார்க்கலாம். மலைக் குடியிருப்புகளிலிருந்து இறங்கி விடுதிகளில் தங்கும் பளியர் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசரம். அவர்களுக்குச் சாயங்காலம் வந்து இறங்க ஜீப்பே இல்லை. பள்ளி நல அலுவலர் பரிந்துரையை நிறைவேற்றச் சொல்லிப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் தீர்மானம் போடலாம்.

பெட்டியும் பாடப்புத்தகமும் சுலபமாக வந்துவிடும். ஆளைப் போட்டால் மாதாமாதம் சம்பளம் கொடுக்க வேண்டும். அரசுகள் முன்னதையே விரும்பும். அடுத்த திட்டம் அறிவிக்கப்படும்போது தேனி மாவட்டத்துப் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எங்கள் பிள்ளை அழுதால் ஏனென்று கேட்க நீங்கள் போடப்போகும் ஆள் யார்?